நகரத்தின் ஜீர்ணோத்தாரணம்

பழைய கட்டிடங்களை இடித்துத் தள்ளாமல் செப்பனிடத் தொடங்கியிருக்கும் சென்னை, திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளிடம் என்ன கேட்கிறது?

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருப்பாச்சூரை நெருங்கும் இடத்தில், தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறையின் நடுவே, எக்ஸ்கவேட்டரின் கையில் மாட்டிக் கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் ஒன்று, செயின் பிளாக்கில் கட்டித் தொங்கவிடப்பட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணி இருக்கும். வயதான மெக்கானிக் ஒருவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த யந்திரத்தின் வாய்க்குள் விரல்களைச் செலுத்தி, உள்ளே உளியைத் தாங்கி நிற்கும் புஷ்ஷின் உட்புறத்தை, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பக்கத்தில் நின்ற இளைஞன் ஆபரேட்டர். சென்னையிலிருந்து மினி லாரியில் அந்தப் பிரேக்கரோடு வந்திறங்கியவன். அவன் தோளில் புதிய உளி ஒன்று இருந்தது. அதை அவர்கள் 'சிசல்' என்கிறார்கள்.

"எத்தன நாளா கிரீஸ் அடிக்கல தம்பி?"

"டெய்லி காலைல அடிச்சிடறோம்ணே."

"காலைல ஒருதரம் போதுமா? ரெண்டு மணிக்கு ஒருதரம் அடிக்கணும். இந்தா, நீயே தடவிப் பாரு. ஒரு பக்கமாத் தேஞ்சு முட்டை மாதிரி ஆயிருக்கு. இதுல புது சிசல் போட்டா அடி நேரா எறங்காது, கோணிக்கிட்டு எறங்கும்."

"நாளைக்குக் காலைல மண்ணடில வேலைண்ணே. பக்கத்து வீட்டுக்காரங்க ஏற்கெனவே சண்டைக்கு வராங்க. ஓனர் எப்படியாவது ஓட்டிடுங்கறாரு."

"பக்கத்து வீடு இருக்குதுன்னுதான் சொல்றேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்காக நான் அலைந்த நாட்களில் கேட்ட எல்லா விளக்கங்களையும்விட அதுவே என் மனத்தில் ஆழமாகத் தங்கியது. மண்ணடியில் நடப்பது இடிப்பு வேலை அன்று. நூறாண்டு கண்ட ஒரு வீட்டின் பின்கட்டில் இற்றுப்போன தளத்தை மட்டும் எடுத்துவிட்டு, முன்கட்டையும் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரையும் காப்பாற்றும் வேலை. அத்தகைய வேலையில், தேய்ந்த ஒரு புஷ் என்பது யந்திரத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் உரிய நஷ்டமாக இருப்பதில்லை. அது அடுத்த வீட்டுச் சுவரில் விரிசலாகப் போய் நிற்கிறது.

முறுக்குக் கம்பியின் முதுமை

நம் நகரங்களில் இன்று முதுமை எய்திக்கொண்டிருப்பவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய மாளிகைகள் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1970-களிலும் 80-களிலும் அவசர அவசரமாக எழும்பிய கான்கிரீட் குடியிருப்புகள் அவற்றைவிட வேகமாக நரை கண்டுவிட்டன. அக்காலத்தில் பிரயோகிக்கப்பட்டவை குளிர்நிலையில் முறுக்கிய கம்பிகள். மேஸ்திரிகளின் வாயில் 'முறுக்குக் கம்பி', 'டார் கம்பி' என்று வழங்கியவை. கான்கிரீட் தன் இளமையில் உக்கிரமான காரத்தன்மை உடையதாக இருந்து, உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு அதனுள் ஊடுருவி அந்தக் காரத்தைத் தணிக்க, கடற்காற்றின் உப்பு அதற்குத் துணை சேர, கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து, கூரையிலிருந்து வில்லை வில்லையாகப் பெயர்ந்து விழுகிறது. மழைக்காலத்தில் பழைய அடுக்ககங்களின் படிக்கட்டில் நடந்தவர்கள் எவருக்கும் இந்தக் காட்சி புதிதன்று.

2021 டிசம்பர் 27-ம் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசு குடியிருப்பின் ஒரு பகுதி, இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளோடு, சில நொடிகளில் மண்மேடாயிற்று. அன்று காலையிலேயே விரிசலைக் கண்டு பயந்த குடியிருப்போர் வெளியேறியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2014 ஜூன் 28-ல், மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்தபோது 61 பேர் மாண்டார்கள். ஒன்று பழையது, மற்றது புதியது. ஆனால் இரண்டும் சேர்ந்து, கட்டிடம் என்பது ஒருமுறை கட்டிவிட்டால் என்றென்றைக்கும் நிற்பது என்ற நம் நம்பிக்கையை அசைத்துவிட்டன.

பூமியும் தன் பங்குக்கு எச்சரித்திருக்கிறது. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் நகரம் அழிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கத்தைச் சென்னைவாசிகள் தம் வீட்டுக்குள்ளேயே உணர்ந்தார்கள். 2002-ல் இந்தியத் தர நிர்ணயம் திருத்தப்பட்டபோது, நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அந்த ஒரு வரித் திருத்தத்தினால், அதற்கு முன் எழும்பிய எண்ணற்ற கட்டிடங்கள் ஒரே நாளில் காகிதத்தில் பலவீனமானவையாகிவிட்டன. பழைய கான்கிரீட் கட்டிடங்களைப் பரிசோதித்து வலுப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 15988 என்ற தனி விதிநூல் 2013-ல் வந்தது.

கோயில் அறிந்த கலை

பழையதை இடிக்காமல் புதுப்பிப்பது நமக்கு அந்நியமான கலை அன்று. பாலாலயம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் ஏற்றி அப்பால் எழுந்தருளச் செய்துவிட்டு, சிதைந்த விமானத்தையும் பிளந்த கல்லையும் செப்பனிட்டு, அஷ்டபந்தனம் சாத்திக் கும்பாபிஷேகம் செய்யும் ஜீர்ணோத்தாரண முறையை ஊர்தோறும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த முறையின் உயிர்நாடி, வேலை நடக்கும்போது குடியிருப்பவரைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதும், எடுக்க வேண்டியதை மட்டுமே எடுப்பதும் ஆகும். இன்றைய பொறியாளர் தளத்துக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தை வேறு தூணுக்கு மாற்றிவிட்டு, இற்ற கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துலக்கி, தூணைச் சுற்றிப் புதிய கம்பிக்கூடும் நான்கங்குலக் கான்கிரீட்டுச் சட்டையும் போடுகிறார். பெயர் 'ஜாக்கெட்டிங்' என்று மாறியிருக்கிறதே தவிர, தர்மம் ஒன்றுதான்.

ஆனால் தவறான கருவி ஜீர்ணோத்தாரணத்தையே நாசமாக மாற்றிவிடும் என்பதற்கும் கோயில்களே சாட்சி. கற்சுவரில் படிந்த சுண்ணாம்பை எளிதில் அகற்றலாம் என்று காற்றழுத்தத்தில் மணலை வீசியடிக்கும் முறையைச் சில காலம் கையாண்டார்கள். சுவர் வெளுத்தது, கூடவே கல்வெட்டெழுத்துக்களும் தேய்ந்து மறைந்தன. அதன்பிறகே அந்த முறைக்குத் தடை வந்தது. எழுத்தைத் தின்றபின் வந்த தடை அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: 'பொக்லைன்' எங்கிருந்து வந்தது?
மண் தோண்டும் யந்திரம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் நம் செய்தித்தாள்கள் அதை 'பொக்லைன்' என்றே எழுதுகின்றன. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். லார்சன் அண்ட் டூப்ரோ அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு இந்தியாவில் ஹைட்ராலிக் யந்திரங்களைச் செய்தபோது பரவிய பெயர், யந்திரங்கள் மாறியபின்னும் தமிழில் நிலைத்துவிட்டது. கிராமங்களில் இன்னொரு வழக்கும் உண்டு: முன்னும் பின்னும் கையுள்ள மஞ்சள் வண்டி 'ஜேசிபி', சங்கிலிப் பட்டையில் ஊர்வது 'ஹிட்டாச்சி'.

பெரிய யந்திரங்களின் ஜில்லா

திருவள்ளூர் ஜில்லாவுக்கும் மண் தோண்டும் யந்திரங்களுக்கும் உள்ள பந்தம் அரை நூற்றாண்டு பழையது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் இங்கே தன் மண்ணகழ் யந்திரப் பிரிவைத் தொடங்கியது. அது பின்னர் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. மேல்நல்லாத்தூரிலுள்ள அந்த ஆலையிலிருந்து சுரங்கங்களில் ஓடும் ராட்சச டம்பர்கள் வெளிவருகின்றன. கும்மிடிப்பூண்டியில் 2011-ல் அசோக் லேலண்டும் ஜான் டீரும் கூட்டாகத் தொடங்கிய ஆலையைப் பின்னர் பாப்கேட் நிறுவனத்தார் வாங்கிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் கோபெல்கோ இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, காக்களூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், பெயர்ப் பலகைகூட இல்லாத சந்துகளிலும், வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் வெப்பப் பதப் பட்டறைகளும் ஹோஸ் முடையும் கடைகளும் நூற்றுக்கணக்கில் மண்டிக் கிடக்கின்றன. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் பழைய இரும்பு மின்தூண்டல் உலைகளில் உருகி, உருட்டாலைகளில் கம்பியாகி லாரி ஏறுகிறது. சென்னையில் ஒரு பழைய தூணைச் சுற்றிக் கட்டப்படும் புதிய கம்பியும், அந்தத் தூணின் இற்ற கான்கிரீட்டைக் கொத்திய உளியும் இதே பிரதேசத்திலிருந்து போயிருக்கக் கூடும்.

பாப்கேட்டின் பூர்வ கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழி வளர்த்த ஒரு விவசாயி, தம் இரண்டடுக்குக் கொட்டிலின் மேல்தளத்தைச் சுத்தம் செய்ய, அந்தத் தளம் தாங்கக்கூடிய அளவுக்கு லேசானதும், தூண்களுக்கு இடையே திரும்பக்கூடியதுமான ஒரு வண்டி வேண்டுமென்று கேட்டார். கெல்லர் சகோதரர்கள் என்ற கொல்லர்கள் இருவர் அவருக்கு மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். மண்மேல் நின்று மண்ணைத் தோண்டுவதற்கு அல்ல, ஒரு கட்டிடத்தின் மாடியின்மேல் நின்று, அந்த மாடிக்குப் பங்கம் நேராமல் வேலை செய்வதற்காகவே பிறந்த யந்திர வம்சம் அது. எழுபதாண்டுக்குமுன் அந்த விவசாயி கேட்டதைத்தான் இன்று மண்ணடியும் மயிலாப்பூரும் கேட்கின்றன.

மாடிமேல் ஏறிய யந்திரம்

குடியிருப்புத் தளங்களை வடிவமைக்கும்போது மக்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றுக்காக விதிநூல் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சிறிய எக்ஸ்கவேட்டர்கூடப் பெரும்பாலும் ஒரு டன்னுக்குக் குறையாது; அது தன் பட்டைகளை ஊன்றி நிற்கும் இடமோ ஒரு கட்டிலின் பரப்புக்கு மேற்படாது. ஆகவே அது எந்தத் தளத்தின்மேல் ஏறுகிறதோ அதற்குக் கீழே முட்டுக் கொடுத்தாக வேண்டும்; ஒரு தளத்துக்கு மட்டுமன்றி, பல சமயம் அதற்கும் கீழ்த்தளம்வரை. இந்தக் கணக்கைப் போடாமல் கிரேனில் யந்திரத்தைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு என்பதை, அத்தகைய வேலைகளில் கூலிக்குப் போய் வந்தவர்களே என்னிடம் சொன்னார்கள்.

அடுத்தது அதிர்வு. பிரேக்கரின் உள்ளே, ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தாலும் நைட்ரஜன் வாயுவின் உந்துதலாலும் ஒரு பிஸ்டன் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை உளியின் தலையில் மோதுகிறது. உளி கூராகவும் நேராகவும் இருந்து, வாயு சரியான அளவில் நிரம்பியிருந்தால், அந்த மோதலின் பலம் கான்கிரீட்டைப் பிளப்பதில் செலவாகிவிடும். முனை மழுங்கியிருந்தாலோ, அது கல்லைப் பிளக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். பிளக்காத அடி எங்கே போகும்? தளத்தின் வழியாகத் தூணுக்கும், தூணின் வழியாக அஸ்திவாரத்துக்கும், அஸ்திவாரத்திலிருந்து அடுத்த வீட்டுக்கும் போகும். ஜெர்மானிய விதிநூல் ஒன்று, அடித்தளத்தில் அளக்கப்படும் குறைந்த அலைவெண் அதிர்வுக்குச் சாதாரணக் குடியிருப்புகளில் நொடிக்கு 5 மில்லிமீட்டர் என்றும், புராதனக் கட்டிடங்களில் 3 மில்லிமீட்டர் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. நம் பழைய வீடுகளின் கூரையோ, தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்த 'மெட்ராஸ் டெரஸ்'. சுண்ணாம்பின் பிடியும் செங்கலின் நெருக்கமும் சேர்ந்து தாங்கி நிற்கும் அந்தக் கூரையின் ஒரு மூலையில் ஓயாது அதிர்வு ஏறினால், மறு மூலையில் செங்கல் நழுவும்.

தேய்ந்த புஷ்ஷின் விளைவு இதைவிடச் சூட்சுமமானது. புஷ் தேய்ந்தால் உளி சாய்கிறது. சாய்ந்த உளியின் தலையில் பிஸ்டன் ஓரமாக மோதுகிறது. மோதி மோதி பிஸ்டனின் முகம் சில்லுப் பெயர்கிறது. முதலில் புஷ், பிறகு உளி, அதன்பின் பிஸ்டன், கடைசியில் சிலிண்டர் என்று, சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய செலவு யந்திரத்தின் விலையையே தொட்டுவிடுகிறது. இந்த வரிசையை அந்தத் திருப்பாச்சூர் மெக்கானிக் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

போலி என்ற வார்த்தை போதாது

உதிரிபாக வியாபாரத்தில் 'ஒரிஜினல்', 'லோக்கல்', 'டூப்ளிகேட்' என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. இவற்றில் நடுவிலிருக்கும் சொல்லுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் செய்யப்படும் 'லோக்கல்' பாகங்களில், பெரிய நிறுவனங்களின் பாகங்களுக்கு எவ்விதத்திலும் குறையாதவை இருக்கின்றன; அதே நிறுவனங்களுக்கே ஒப்பந்தத்தில் வார்த்தும் கடைந்தும் கொடுக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றையும், எவன் செய்தான் எந்த இரும்பில் செய்தான் என்ற அடையாளமே இல்லாமல், பெரிய கம்பெனியின் அட்டைப்பெட்டியில் அடைத்துவரும் திருட்டுச் சரக்கையும் ஒரே வார்த்தையால் சுட்டுவதனால், நேர்மையான உழைப்பாளி தண்டிக்கப்படுகிறான்.

பாகத்தின் நேர்மை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள சங்கடம். பக்கெட்டின் பல்லை எடுத்துக்கொள்வோம். அது மண்ணிலும் கல்லிலும் உராய்ந்தும் தேயாத கடினத்தோடு இருக்க வேண்டும். அதே சமயம், எதிர்பாராமல் ஒரு கம்பிப் பிணைப்பில் மாட்டினால் கண்ணாடிபோல் உடையாத இளக்கமும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமான குணங்கள். இரண்டையும் ஒரே வார்ப்பில் இணைப்பது குரோமியம், மாலிப்டினம் போன்ற கலவைகளின் அளவையும், செந்தழலில் காய்ச்சி, தோய்த்து, மறுபடி மிதமாகக் காய்ச்சும் பதத்தையும் பொறுத்தது. கல்லுடைக்கும் ஆலைகளின் தாடைத் தகடுகளுக்கு ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1882-ல் கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் அதிசய உலோகம் அது. இந்தப் பதங்களில் ஒன்றைக் குறைத்தாலும் பாகம் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வர்ணம் பூசிய பின் நல்லதற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவரும் இடம், மூன்றாவது மாடியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில்.

கம்பிக்கும் இதே கதைதான். இந்திய விதிநூலின்படி எஃப்.இ. 500 ரகக் கம்பியில் கந்தகமும் பாஸ்பரமும் தலைக்கு 0.055 சதவீதம்வரை இருக்கலாம், எஃப்.இ. 500 டி ரகத்தில் 0.040-க்கு மேற்படக் கூடாது. முன்னது அறுமுன் 12 சதவீதமாவது நீள வேண்டும். பின்னது 16 சதவீதம். பூமி நடுங்கும்போது கட்டிடம் சட்டென்று ஒடியாமல் வளைந்து கொடுத்து, உள்ளிருப்பவர் வெளியே ஓடிவர அவகாசம் தருவது அந்த நாலு சதவீதந்தான். பலதரப்பட்ட பழைய இரும்பை உருக்கும் உலையில் அந்த அசுத்தங்களைக் கட்டுப்படுத்துவது கடினம். அதைக் கட்டுப்படுத்தக் கூடுதல் உபகரணமும் இடைவிடாத பரிசோதனையும் வேண்டும். புதிய கட்டிடத்துக்கே இது அவசியம் என்றால், பழைய தூணின் பலவீனத்தையும் சேர்த்துச் சுமக்கப்போகும் கம்பிக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

■ பெட்டிச் செய்தி: தூசும் எண்ணெயும்
எக்ஸ்கவேட்டரின் ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெயின் அழுத்தம் 300 பாருக்கு மேலும் போகும்; காரின் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். வால்வுகளில் பாகத்துக்கும் பாகத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான். தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இடிபாட்டுத் தூசி பறக்கும் இடத்தில் ஹோஸைக் கழற்றி மாட்டும்போது உட்புகும் கண்ணுக்குத் தெரியாத மணல், இந்த இடைவெளிகளில்தான் சிக்கிக்கொள்கிறது. அழுத்தத்திலுள்ள ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது: ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

ஜாக்கியின்மேல் நிற்கும் வீடு

2015-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வேறொரு தொழில் பரவியது. சாலை உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட தெருக்களில், வீட்டையே அடியோடு பெயர்த்து, சில அடி உயர்த்தி, புதிய அஸ்திவாரத்தின்மேல் நிறுத்தும் வேலை. ஹரியானாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். சுவரின் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, அதன் கீழ் நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே அளவு திருகுகிறார்கள். வீடு, உள்ளே மாட்டியிருக்கும் படங்கள்கூட அசையாமல், அங்குலம் அங்குலமாக மேலே வருகிறது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் வியந்து பேசுவது வீட்டைப் பற்றி. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜாக்கிகளின் மரையை. ஒரு ஜாக்கியின் மரை தேய்ந்து நழுவினால், அதன் பாரம் அக்கம்பக்கத்து ஜாக்கிகளின்மேல் ஏறும். அந்த இடத்தில் சுவர் நாலு நூல் தாழும். அந்த நாலு நூலே மேலே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசலை இழுத்துவிடும். நூற்றுக்கணக்கான ஜாக்கிகளின் மரைகளை ஒவ்வொரு வேலைக்கு முன்பும் யார் பரிசோதிக்கிறார்கள், எதைக் கொண்டு பரிசோதிக்கிறார்கள் என்று கேட்டேன். தலைமைத் தொழிலாளி ஒரு ஜாக்கியைக் கையில் எடுத்து இரண்டு சுற்றுத் திருகி, அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டு, தலையசைத்துக் கீழே வைத்தார். அவர் காதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரு மனிதரின் காதை மட்டும் நம்பி நிற்பது நியாயமா?

மணிக்கணக்கின் கொடுமை

இத்தனைக்கும் ஆணிவேர் எது என்று விசாரித்துப் பார்த்தால், அது உலோகத்தில் இல்லை. வாடகை முறையில் இருக்கிறது. யந்திரங்கள் மணிக்கணக்கில் வாடகைக்குப் போகின்றன. ஹவர் மீட்டர் ஓடினால்தான் சொந்தக்காரருக்குக் காசு. அவருக்குப் பின்னால் மாதத் தவணையைக் கேட்டுக் கடன் கொடுத்தவர் நிற்கிறார். கிரீஸ் அடிக்க நிறுத்தும் பத்து நிமிஷத்துக்குக் கூலி இல்லை. உளியை மாற்ற நிறுத்தும் அரைமணி நேரத்துக்குக் கூலி இல்லை. ஆகவே நிறுத்தாமல் ஓட்டுகிறவனே கெட்டிக்கார ஆபரேட்டர் என்று பெயர் வாங்குகிறான். வெட்டவெளியில் ஏரி தூர்வாரும் வேலைக்கு இந்த முறை ஒருவாறு ஒத்துவரலாம். மனிதர் குடியிருக்கும் கட்டிடங்களின் நடுவே, நிதானமே வேலையாக இருக்கும் இடத்தில், அவசரத்துக்குக் கூலி கொடுத்து நிதானத்துக்கு அபராதம் விதிக்கும் இந்த முறை விபரீதமானது.

இந்த அவசரத்தின் விலையைச் சென்னை ஒருமுறை கண்ணெதிரே கண்டது. 2017 மே 31-ல் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தீப்பற்றி எரிந்து சரிந்த துணிக்கடைக் கட்டிடத்தை இடிக்க, நீண்ட கையுடைய ஜா கட்டர் யந்திரங்கள் வந்தன. ஊரே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலையில், இடிபாடு யந்திரத்தின்மேல் சரிந்து ஓர் இளைஞன் உயிரிழந்தான். ஆபரேட்டரின் தலைக்குமேல் விழுவதைத் தாங்கும் உறுதியான இரும்புக் கூண்டு, முன்கண்ணாடிக்குக் காப்பு வலை, ஹோஸ் வெடித்தால் கை சட்டென்று விழாமல் பிடித்து நிறுத்தும் வால்வு ஆகிய இவை யாவும் உதிரிபாகங்களே. விலைப்பட்டியலில் 'தேவைப்பட்டால்' என்ற தலைப்பின் கீழ் வருபவை. மண் தோண்டும் வண்டி கட்டிடத்துக்குள் நுழையும் அந்த நிமிஷமே அவை தேவைப்பட்டாக வேண்டியவை ஆகிவிடுகின்றன என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் உரிமை வீட்டுக்காரருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் உண்டு. அந்த உரிமையை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

சங்கங்களை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை மறுநிர்மாணம் செய்ய வழிவிடும் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-ல் இயற்றப்பட்டு, இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. இடித்துக் கட்டுவதா, வலுப்படுத்தி வாழ்வதா என்ற விவாதம் இன்று சென்னையில் எத்தனையோ அடுக்ககங்களின் மொட்டைமாடிக் கூட்டங்களில் நடக்கிறது. பில்டர் கொண்டுவரும் வண்ணப்படத்தின் கவர்ச்சியோடு போட்டியிட, தூணுக்குச் சட்டை போடும் யோசனையால் முடிவதில்லை. ஆனாலும், இடித்த கட்டிடத்தின் டன் கணக்கான கான்கிரீட் எங்கோ ஒரு நீர்நிலையின் கரையில் போய்க் கொட்டப்படும் அவலத்தைத் தினந்தோறும் பார்க்கிறவர்கள், காப்பாற்றத் தக்கதைக் காப்பாற்றுவோம் என்று கேட்பதில் பொருளிருக்கிறது. அப்படிக் கேட்பவர்களுக்கு நல்ல பொறியாளர் கிடைத்துவிடுகிறார். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1948-ல் வேரூன்றிய மின்வேதியியல் ஆய்வு மையம் கம்பித் துருவைப் பற்றி ஆண்டாண்டாக ஆராய்ந்து வருகிறது. சாஸ்திரத்துக்குப் பஞ்சமில்லை. சாஸ்திரம் சொன்னதைக் கையால் செய்யப்போகும் ஆபரேட்டருக்கும் மெக்கானிக்குக்கும் யார் என்ன கற்றுக் கொடுத்தார்கள்? ஹெல்ப்பராகச் சேர்ந்து, திட்டு வாங்கி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இந்த ஜில்லாவின் ஐ.டி.ஐ.களில் பழைய கட்டிடத்துக்குள் யந்திரம் ஓட்டுவதைத் தனிப் பாடமாக வைத்து, கும்மிடிப்பூண்டி ஆலைகளே அதற்கு யந்திரமும் ஆசிரியரும் கொடுத்து உதவினால் அது அவர்களுக்கே லாபமாக முடியும்.

அதைவிட எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஒவ்வொரு உளியிலும் ஒவ்வொரு பல்லிலும், செய்தவர் பெயரும் உலையின் ஈட்டு எண்ணும் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். கம்பியில் இன்று இருக்கும் முத்திரை பாகத்தில் இருக்கக் கூடாதா? தன் பெயரைப் பொறிக்கத் துணிகிற சிறு பட்டறைக்காரருக்கு அதுவே மரியாதை. பெயர் இல்லாத சரக்கை வாங்க மறுக்கிறவருக்கு அதுவே பாதுகாப்பு.

வாச்சி பட்ட இடம்

பட்டறையில் வேலை முடிய நேரமாகும் என்று தெரிந்ததும், நான் திருப்பாச்சூர்க் கோயிலுக்கு நடந்து போனேன். அப்பரும் சம்பந்தரும் பாடிய ஸ்தலம். பாசு என்றால் மூங்கில்; மூங்கிற்காட்டில் ஒரு புற்றின்மேல் பசு தினந்தோறும் பால் சொரிவதைக் கண்டு, வேடர்கள் வாச்சி என்ற கருவியால் அந்த இடத்தை வெட்ட, உள்ளிருந்து ரத்தம் பீறிட்டதாகவும், அங்கே சுயம்புலிங்கம் வெளிப்பட்டதாகவும் ஸ்தலபுராணம் சொல்கிறது. லிங்கத்தின் திருமுடியில் வாச்சி பட்ட தழும்பு இன்றும் இருப்பதாகச் சொல்கிறார்கள். சுவாமிக்கே வாசீஸ்வரர் என்று பெயர். அர்ச்சகரும் அவரைக் கையால் தீண்டுவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் ஓங்கிவிட்ட ஒரு கருவியின் பெயரையே தெய்வத்துக்குச் சூட்டி, அந்தத் தழும்பை மறைக்காமல் வணங்கிவரும் ஊருக்கு அருகில், இன்று கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. மூலஸ்தானத்தின் எதிரே நின்றபோது, பொறியாளர்கள் கொத்துமுன் சுவரில் ஸ்கேனரை ஓட்டிக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் கோடு போடும் காட்சி ஏனோ என் நினைவுக்கு வந்தது.

நான் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. பழைய புஷ் தரையில் கிடந்தது. புதியதை உள்ளே இறக்கி, உளியைப் பொருத்தி, மெக்கானிக் அதைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இளைஞன் கொண்டுவந்த உளி மூலையில் சாத்தப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாகப் போட்டது, தலையில் எண் பொறித்த வேறொன்று. ஓனரோடு போனில் நடந்த வாக்குவாதம் பத்து நிமிஷம் நீடித்ததாக அவன் சொன்னான். பிரேக்கரை மினி லாரியில் ஏற்றிக் கட்டியபின், மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்கட்டித் துண்டை எடுத்து, அதன் பக்கவாட்டில், காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று கிரீஸ் அடிக்க வேண்டிய மணிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

"ஒவ்வொண்ணும் அடிச்சதும் அழிச்சிடு தம்பி. சாயங்காலம் ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, அவன் லாரியில் ஏறிச் சென்னைப் பக்கம் போனான்.